நேட் கிங் கோல்: பியானோவை விட்டு எழுந்து வந்த பாடகர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நேட் கிங் கோல் பெயர் வராமல் இருக்காது. பெரும்பாலானோருக்கு அவர் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு, இரண்டு காதல் பாட்டு, அவ்வளவுதான். அந்த மூன்று பாட்டுக்குப் பின்னால் கிட்டத்தட்ட முப்பது வருட உழைப்பு இருக்கிறது. அதில் பாதியைப் பலரும் கேட்டதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இவர்? எங்கே பிறந்தார்?

இயற்பெயர் நத்தானியேல் ஆடம்ஸ் கோல்ஸ். 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் சபையின் போதகர். அம்மா பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பிள்ளைக்கு முதல் குருவும் அவர்தான். நேட் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கின் நிறவெறிச் சட்டங்களிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று.

அன்றைய சிகாகோ ஜாஸ் இசையின் கோட்டை. ஏர்ல் ஹைன்ஸ் என்ற பியானோ மேதை அங்கே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். சிறுவன் நேட் அவர் வாசிப்பைக் கேட்டே வளர்ந்தான். 1936இல் அண்ணன் எடியின் குழுவில் வாசித்து முதல் இசைத்தட்டில் இடம்பெற்றார். அப்போது வயது 17.

'கிங்' என்ற பட்டம் யார் கொடுத்தது?

'ஓல்ட் கிங் கோல்' என்று ஆங்கிலத்தில் ஒரு குழந்தைப் பாட்டு உண்டு. கோல்ஸ் என்ற குடும்பப் பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு, நடுவில் 'கிங்' சேர்த்துக்கொண்டார்கள். கிளப் வாசலில் எழுதிப்போட எடுப்பான பெயர்.

பியானோக்காரர் எப்படிப் பாடகர் ஆனார்? குடிகாரர் ஒருவர் வற்புறுத்தியதால் பாடினார் என்கிறார்களே?

1937இல் ஓர் இசை நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் அந்தக் குழு கலைந்தது. ஊர் திரும்பாமல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கமே தங்கி, கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்தார். சில இடங்களில் பியானோவின் பாதிக் கட்டைகள் வேலை செய்யாது. அந்த வருடமே கிட்டாரில் ஆஸ்கர் மூர், பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் வெஸ்லி பிரின்ஸ் என்று மூவர் குழு அமைந்தது.

நீங்கள் கேட்கும் கதை இந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது. குடித்துவிட்டு வந்த ஒரு வாடிக்கையாளர் 'ஸ்வீட் லோரெய்ன்' பாடியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க, வேறு வழியில்லாமல் பாடினார், பாடகராகிவிட்டார் என்று போகும். கோலே பிற்காலத்தில் இதை மறுத்துவிட்டார். தொடர்ந்து வாத்திய இசையாகவே போனால் கேட்பவர்களுக்கு அலுக்கும் என்று நடுநடுவே பாடினோம், அதற்கு வரவேற்பு கிடைத்தது, இன்னும் கொஞ்சம் பாடினோம் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. அவருடைய குரல் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிப்பின் இடைவெளியில் பழகிய குரல். சொல்லை எங்கே நிறுத்துவது, எங்கே அரை நொடி தாமதிப்பது என்பதெல்லாம் விரல்கள் முதலில் கற்றுக்கொண்டவை.

டிரம்ஸ் இல்லாத அந்த மூவர் குழுவில் அப்படி என்ன விசேஷம்?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

1930களின் இறுதி என்பது பெரிய பேண்டுகளின் காலம். பதினைந்து பேர், வரிசையாக டிரம்பெட், சாக்ஸஃபோன், பின்னால் டிரம்ஸ். நடன அரங்கம் நிறைய அந்தச் சத்தம் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் பியானோ, கிட்டார், பேஸ் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மேடையேறினார். தாளம் பிடிக்கத் தனியாக ஆள் கிடையாது. மூவருமே தாளத்தை மனதுக்குள் வைத்திருந்தால்தான் பாட்டு நிற்கும்.

அதனால் அந்தக் குழுவில் காற்றோட்டம் இருந்தது. கோலின் வலக்கை ஒரு சின்ன சொற்றொடரை வாசித்துவிட்டு ஒதுங்கும். ஆஸ்கர் மூரின் கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். பேஸ் இருவரையும் தாங்கி நடக்கும். கோலின் வாசிப்பில் வேகம் உண்டு, ஆனால் வேகத்தைக் காட்டுவதற்காக ஒரு ஸ்வரம்கூட வராது. இந்த அமைப்பைப் பியானோ மேதைகள் ஆர்ட் டேட்டம் பின்பற்றினார், ஆஸ்கர் பீட்டர்சன் பின்பற்றினார். பாடகர் ரே சார்ல்ஸ் தன் ஆரம்ப நாட்களில் கோலைப் போலவே பாடி, கோலைப் போலவே வாசித்துப் பிழைத்ததாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் நார்மன் கிரான்ஸ் நடத்திய முதல் 'ஜாஸ் அட் த ஃபில்ஹார்மோனிக்' கச்சேரியிலும் கோல்தான் பியானோ. லெஸ் பாலின் கிட்டாருக்கும் அவருக்கும் நடந்த போட்டி இசைத்தட்டில் இருக்கிறது. ஒருவர் எதை வாசித்தாலும் மற்றவர் உடனே திருப்பி வாசிக்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங், டிரம்ஸ் வாசித்த பட்டி ரிச் இருவரோடும் 1946இல் செய்த பதிவுகளையும் கேளுங்கள். இந்த மனிதர் ஒரு வரிகூடப் பாடாமல் இருந்திருந்தாலும் ஜாஸ் வரலாற்றில் அவருக்கு இடம் இருந்திருக்கும்.

முதல் பெரிய வெற்றி எது?

'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்'. 1943 இறுதியில் பதிவானது, மறுவருடம் ஊரெங்கும் ஒலித்தது. அதன் கதை அப்பாவின் பிரசங்கத்திலிருந்து வந்தது. ஒரு பிணந்தின்னிக் கழுகு, சவாரி கூட்டிப் போகிறேன் என்று விலங்குகளை முதுகில் ஏற்றி, உயரத்திலிருந்து தள்ளிவிட்டுத் தின்னும். குரங்கு ஏறியபோது வாலைக் கழுகின் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒழுங்காக நேரே பற என்று மிரட்டியது. தேவாலயத்தில் கேட்ட கதையை ஸ்விங் தாளத்தில் உட்கார வைத்தார் மகன்.

இந்தப் பாட்டின் உரிமையைக் கையில் காசில்லாத நாளில் வெறும் 50 டாலருக்கு விற்றிருந்தார். பாட்டு லட்சக்கணக்கில் விற்றபோது எழுதியவருக்கு அதில் பங்கு வரவில்லை.

கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் வட்டக் கட்டடத்தை 'நேட் கட்டிய வீடு' என்பது உண்மையா?

அப்படித்தான் அமெரிக்க இசைத்துறையில் சொல்வார்கள். கேப்பிட்டல் 1942இல் தொடங்கப்பட்ட புதுக் கம்பெனி. கோல் அடுத்த வருடமே அதில் சேர்ந்து, சாகும்வரை அதிலேயே இருந்தார். 'ரூட் 66', 'நேச்சர் பாய்', 'மோனா லிசா', 'டூ யங்' என்று அவர் கொடுத்த வெற்றிகள்தான் கம்பெனியை நிமிர்த்தின. ஹாலிவுட்டில் அந்த 13 மாடிக் கட்டடம் 1956இல் திறக்கப்பட்டது.

'நேச்சர் பாய்' பாட்டுக்குப் பின்னால் ஒரு விசித்திரக் கதை உண்டாமே?

உண்டு. எழுதியவர் பெயர் ஈடன் ஆபெஸ். நீண்ட முடி, தாடி, செருப்பு, காய்கனி உணவு, திறந்தவெளியில் படுக்கை என்று 1940களிலேயே வாழ்ந்தவர். ஹாலிவுட் என்று மலைமேல் பெரிய எழுத்துப் பலகை இருக்கிறதே, அதில் ஓர் எழுத்துக்குக் கீழே தங்கியிருந்தவர். கோல் கச்சேரி செய்த அரங்கத்துக்கு வந்து, கசங்கிய தாளில் பாட்டை அவருடைய ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோலுக்குப் பாட்டு பிடித்துவிட்டது. வெளியிட வேண்டுமானால் உரிமை வேண்டும், எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

1948 வசந்தத்தில் வெளிவந்து எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. அந்த வருடம் ஜனவரி முதல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைகளைப் புறக்கணித்திருந்தது. கோலின் பதிவு 1947 ஆகஸ்டிலேயே முடிந்திருந்ததால் தப்பித்தது. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அதே பாட்டை வாத்தியங்களே இல்லாமல், கோரஸ் குரல்களை மட்டும் வைத்துப் பாட வேண்டியதாயிற்று. கோலின் குரலுக்குப் பின்னால் வயலின் கூட்டம் விரிவதை அமெரிக்கா முதன்முதலாக இவ்வளவு உற்றுக் கேட்டது இந்தப் பாட்டில்தான். அவருடைய பாதை திரும்பிய இடம் என்று இதைச் சொல்வேன்.

அப்படியானால் பணத்துக்காக ஜாஸைக் கைவிட்டுவிட்டாரா?

அன்றைய ஜாஸ் விமர்சகர்கள் அப்படித்தான் திட்டினார்கள். 1950இல் 'மோனா லிசா' வந்தது. நெல்சன் ரிடில் இசைக்கோர்ப்பு செய்தது, இசைத்தட்டின் லேபிளில் குழுவை நடத்திய லெஸ் பாக்ஸ்டர் பெயர் போட்டிருந்தார்கள். அதே கூட்டணியில் 1951இல் 'அன்ஃபர்கெட்டபிள்'. அதற்குப் பிறகு மூவர் குழு என்ற பெயரே மறைந்து, மேடையில் பியானோவை விட்டு எழுந்து நின்று பாடும் கோட்சூட் மனிதராக அவர் மாறினார்.

இழப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பியானோவை இன்னும் பத்து வருடம் கேட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் விற்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டை ஏற்க முடியாது. வயலின் கூட்டத்துக்கு முன்னால் நின்று அவர் பாடும்போதும் அந்த மூவர் குழுவின் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. மைக்குக்கு நெருக்கமாக நின்று, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்து, எதையும் இழுத்து அலங்கரிக்காமல் விடுகிறார். 1956இல் பதிவு செய்த 'ஆஃப்டர் மிட்நைட்' தொகுப்பில் மறுபடி பியானோ முன் உட்கார்ந்தார். கை ஒரு துளி மறக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் வீடு வாங்கியபோது என்ன நடந்தது?

1948இல் மரியாவைத் திருமணம் செய்துகொண்ட கையோடு ஹான்காக் பார்க் என்ற வசதியான பகுதியில் வீடு வாங்கினார். வெள்ளையர் மட்டுமே வசித்த இடம். வெள்ளையரல்லாதாருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மே மாதம்தான் தீர்ப்பளித்திருந்தது.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து வந்து, இங்கே வேண்டாதவர்கள் யாரும் குடிவருவதை நாங்கள் விரும்பவில்லை என்றார்கள். கோலின் பதில் புகழ்பெற்றது: "நானும் விரும்பவில்லை. அப்படி யாராவது வருவதைப் பார்த்தால் முதலில் புகார் சொல்வது நானாகத்தான் இருப்பேன்." அவர்கள் கொடுத்த தொல்லை அதோடு நிற்கவில்லை. புல்வெளியில் இனவெறி வசைச்சொல்லைத் தீயால் எரித்து எழுதினார்கள். குடும்பத்தின் நாய்க்கு விஷம் வைத்தார்கள். 1951இல் வருமான வரி பாக்கிக்காக அந்த வீட்டை அரசே ஜப்தி செய்ய வந்தது, சமாளித்து மீட்டார். குடும்பம் வீட்டை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

பர்மிங்ஹாமில் மேடையிலேயே தாக்கப்பட்டாரா?

ஆம். 1956 ஏப்ரல் 10, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகராட்சி அரங்கம். பிறந்த மாநிலம். அன்று வெள்ளையருக்கு ஒரு காட்சி, கறுப்பினத்தாருக்கு ஒரு காட்சி என்று பிரித்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த டெட் ஹீத் குழு வாசிக்க, வெள்ளையர் காட்சியில் கோல் பாடிக்கொண்டிருந்தபோது சில ஆண்கள் மேடைமேல் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். வெள்ளை மேலாதிக்கம் பேசும் அமைப்பொன்றின் ஆட்கள், முன்கூட்டியே திட்டமிட்டு வந்தவர்கள். போலீஸ் உடனே பிடித்தது. கோலுக்கு முதுகில் அடி. அந்தக் காட்சியை அவர் முடிக்கவில்லை.

வலி அதோடு முடியவில்லை. நான் எந்தப் போராட்டத்திலும் இல்லை, எந்த அமைப்பிலும் சேரவில்லை, என்னை ஏன் தாக்கினார்கள் என்று அவர் பத்திரிகையாளர்களிடம் கேட்டுவிட்டார். மாண்ட்கோமரியில், அவர் பிறந்த அதே ஊரில், கறுப்பின மக்கள் மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்து நடந்துகொண்டிருந்த நேரம் அது. சொந்த மக்களே கொதித்தார்கள். பிரித்து உட்காரவைத்த அரங்கத்தில் பாட ஏன் ஒப்புக்கொண்டார் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. ஹார்லெமில் சில இடங்களில், காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் ஜூக் பாக்ஸிலிருந்து அவர் தட்டுகளை எடுத்துவிட்டார்கள். குடிமை உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் கடுமையாகப் பேசியதாகச் செய்தி.

அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கோலும் அதைக் காதில் வாங்கினார். கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் 500 டாலர் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆனார்.

அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஏன் ஒரே வருடத்தில் நின்றது?

1956 நவம்பர் 5 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் 'த நேட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. அவ்வளவு புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஒருவர் தன் பெயரிலேயே நாடு முழுக்க ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை நடத்தியது அதுவே முதல் முறை. முதலில் 15 நிமிடம், 1957 ஜூலையில் அரை மணி நேரமானது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹாரி பெலஃபான்டே, பெகி லீ, மெல் டோர்மே என்று பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள். நிகழ்ச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகச் சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கே பாடினார்கள்.

அன்றைய தொலைக்காட்சி விளம்பரதாரரின் காசில் ஓடியது. நாடு முழுக்கப் பொறுப்பேற்க ஒரு விளம்பரதாரர்கூட முன்வரவில்லை. கறுப்பின மனிதர் பக்கத்தில் நம் சோப்பும் சிகரெட்டும் தெரிந்தால் தெற்கில் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். தொலைபேசி நிறுவனம் விளம்பரம் கொடுக்கலாமே, தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினத்தவரைப் பார்த்ததற்காக யாராவது வீட்டுத் தொலைபேசி இணைப்பை வெட்டச் சொல்வார்களா என்று கோல் கேட்டார். பதில் இல்லை.

என்.பி.சி. நிறுவனம் கையை விடவில்லை, தன் செலவிலேயே ஓட்டியது. கடைசியில் வேறு நேரத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது கோலே போதும் என்று சொல்லிவிட்டார். 1957 டிசம்பர் 17 கடைசி நிகழ்ச்சி. விளம்பரக் கம்பெனிகள் குவிந்திருந்த நியூயார்க் தெருவைக் குறித்து அவர் சொன்னது: "மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம்."

அந்த நிகழ்ச்சியின் சில பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு சின்ன அசைவிலாவது அவர் தன் கோபத்தைக் காட்டியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. அந்த நிதானத்தைப் பணிவு என்று நினைத்தவர்கள் உண்டு. வாராவாரம் லட்சக்கணக்கான வரவேற்பறைகளில் கண்ணியமாக நின்று பாடியதே அன்று எவ்வளவு பெரிய காரியம் என்பது, விளம்பரதாரர்கள் ஓடிய ஓட்டத்திலேயே தெரிகிறது.

ஸ்பானிஷ் தெரியாமலே ஸ்பானிஷில் பாடினாரா?

ஆமாம். ஒலிகளை மனப்பாடம் செய்து பாடினார். 1958இல் வந்த 'கோல் எஸ்பானியோல்' கியூபாவின் ஹவானா நகரத்தோடு தொடர்புடையது. உச்சரிப்பு அந்நியமாக இருந்தும் லத்தீன் அமெரிக்கா அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தில் ஒலிக்கும் ஸ்பானிஷ் பாட்டுகள் இவர் குரல்தான். பலருக்கு அது தெரியாது.

கிறிஸ்மஸ் பாட்டை எத்தனை முறை பதிவு செய்தார்?

நான்கு முறை. 1946இல் இரண்டு, 1953இல் ஒன்று, 1961இல் ஒன்று. மெல் டோர்மேயும் பாப் வெல்ஸும் அதை எழுதியது 1945இன் கொளுத்தும் கோடையில். பனியையும் குளிரையும் நினைத்தாலாவது வெக்கை தணியாதா என்று தொடங்கிய வரிகள். இன்று கடைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் 1961 பதிவு. 1946 ஜூனில் மூவர் குழு மட்டும் வாசித்த முதல் பதிவு எளிமையானது, எனக்கு அதுதான் நெருக்கம்.

ராக் அண்ட் ரோல் வந்த பிறகு அவர் கதி?

தாக்குப்பிடித்தார். 1957இல் 'செண்ட் ஃபார் மீ', 1962இல் 'ராம்ப்ளிங் ரோஸ்' இரண்டும் பெரிய வெற்றிகள்.

இவ்வளவு இளம் வயதில் எப்படி இறந்தார்?

சிகரெட். நாளுக்கு மூன்று பாக்கெட் மெந்தால் சிகரெட் பிடிப்பார். குரலின் அந்த அடர்த்திக்குப் புகைதான் காரணம் என்று நம்பி, பதிவுக்கு முன்னால் அடுத்தடுத்துப் பிடிப்பாராம். 1964 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த மாதம்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எல்-ஓ-வி-இ' தொகுப்புக்கான கடைசிப் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார். ஜனவரியில் இடது நுரையீரலை எடுத்தார்கள். 1965 பிப்ரவரி 15 அன்று சாண்டா மோனிகாவில் காலமானார். வயது 45. குரல் புகையால் வந்தது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள்.

இறந்தவரோடு மகள் டூயட் பாடியது எப்படி?

மகள் நத்தாலி கோல் அதற்குள் தானே புகழ்பெற்ற பாடகி. 1991இல் அப்பாவின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு தொகுப்பு செய்தார். அப்பாவின் பழைய பதிவிலிருந்து குரலை எடுத்து, புது இசைக்கோர்ப்பில் பொருத்தி, மகள் தன் வரிகளை இடையிடையே பாடிச் சேர்த்தார். 'அன்ஃபர்கெட்டபிள்' மறுபடி உலகம் சுற்றியது. கிராமி விருதுகளை அள்ளியது. பாட்டை எழுதிய இர்விங் கார்டனுக்கு, எழுதி நாற்பது வருடம் கழித்து, ஆண்டின் சிறந்த பாட்டுக்கான கிராமி கிடைத்தது. அப்பா போனபோது நத்தாலிக்கு 15 வயது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் தொழில்நுட்பம் பற்றிய கேள்வியே மறந்துவிடும்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'ஆஃப்டர் மிட்நைட்'டிலிருந்து. குரலும் பியானோவும் சரிசமமாக இருக்கும் தொகுப்பு அது. ஹாரி எடிசனின் டிரம்பெட், ஸ்டஃப் ஸ்மித்தின் வயலின் எல்லாம் விருந்தாளிகள். அதில் 'ஸ்வீட் லோரெய்ன்' இருக்கிறது. 1940 பதிவையும் தேடி இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு 1943 முதல் 1947 வரையான மூவர் குழுப் பதிவுகள். வயலின்களோடு அவரைக் கேட்க வேண்டுமானால் 1957இல் கார்டன் ஜென்கின்ஸ் இசைக்கோர்ப்பில் வந்த 'லவ் இஸ் த திங்'. 1960களில் கோரஸ் நிறைந்து வந்த கடைசிக்காலத் தொகுப்புகளுக்கு அவசரமில்லை. அவற்றில் குரல் அதே குரல்தான், சுற்றியுள்ள இசைதான் அதற்கு ஈடாக இல்லை.